அருவிக்கு ஒரு முழம் முன்னால்

அன்று குற்றாலம் பெரிய அருவிக்கரையில் இருந்தவர்கள்: நான், என் மகள் கோமதி, அவளுடைய அப்பா, அவருடைய அக்காவான என் மதினி, மதினி மகன் சங்கரன், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட மதினி கூட்டிவந்த ஒரு அம்மாள். நயா பைசா வந்த புதிது. நல்ல சாரல்.

கோமதிக்குப் பதினைந்து வயது. பங்குனியில் மூளைக்காய்ச்சல் (மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும் நோய்) வந்து பிழைத்தாள். காய்ச்சல் போயிற்று, நிதானம் முழுசாகத் திரும்பவில்லை. ஒரு நாள் கணக்கெல்லாம் சரியாகப் போடுவாள். மறுநாள் சோறு சுடுகிறது என்று தட்டை வீசுவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பயம். தூங்குகிறவளின் மூச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

தென்காசி டாக்டர் சொன்னார்: "நினைச்சதை உடனே செய்யாம நிறுத்துறதும் மூளை வேலைதாம்மா. இந்த வயசுல நல்லா இருக்கிற பிள்ளைக்கே அது நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இவளுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு நாளை வச்சு முடிவு கட்டாதீங்க. தலையில மட்டும் அருவி விழக் கூடாது."

மதினி கேட்கவில்லை. புத்தி பேதலித்தவர்களுக்கு எண்ணெய் தேய்த்து, கையைக் கட்டி, அருவிக்கு அடியில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். துண்டை முறுக்கிக்கொண்டே மகனிடம், "பிடிலே அவள" என்றாள். சங்கரன் கோமதியின் கையைப் பிடித்தான்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "நேத்து இட்லித் தட்டை வாசல் முத்தத்துல எறிஞ்சது யாரு மதினி? உங்க மகந்தானே? அவனுக்கும் தேய்ங்க எண்ணெய். ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுவோம்."

"ஏட்டி, அது வயசுக் கோளாறு!"

"எம் மகளுக்கும் அதே வயசுதான்."

சங்கரன் சிரித்துவிட்டான். பிடி நழுவியது. கோமதி அருவியைப் பார்த்து ஓடினாள்.

அவள் அப்பா பாய்ந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "விடுங்க. அவளே நிக்கட்டும்." சொல்லிவிட்டேனே தவிர, நானே இரண்டு எட்டு முன்னால் போய்விட்டேன்.

தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால் நின்றாள். உள்ளங்கையை மட்டும் நீட்டினாள். திரும்பி, "அம்மா, தலையில விழக் கூடாதுல்லா?" என்றாள்.

கட்டாமலே வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் மறுபடியும் தட்டு பறந்தது. மதினி வாசலில் நின்று, "பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். நேத்தும் பாத்தேன்."

இதே பாடு படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளையைப் பைத்தியம் என்று எழுதிவைக்க யாரையும் விடாதீர்கள். தை மாதம் கோமதியைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். எப்போது குணமாகும் என்று மாதத்தை எண்ணுவதை விட்டுவிட்டேன். இன்றைக்கு இன்றைய கோமதி.

பயம் போகவில்லை. அது வரும்போது அவள் மூச்சைத் தொட்டுப் பார்ப்பதில்லை. என் கையைத்தான் நீட்டிப் பார்க்கிறேன், முழங்கை முதல் விரல்நுனி வரை. அவ்வளவு தூரத்தில் நிற்க அவளுக்குத் தெரியும்.