அக்கா கேட்ட காற்று

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் தங்கையாகிய எனது வணக்கம். அக்காவின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்வதோடு, நம் குடும்பத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தவறாகவே சொல்லப்பட்டு வரும் ஒரு விஷயத்தையும் நான் திருத்த வேண்டியிருக்கிறது.

அக்கா புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்தவர். அக்காவுக்குப் பதினாறு வயதானபோது அப்பா காலமானார். அடுத்த மழைக்காலத்தில் அம்மாவும் போய்விட்டார். எனக்கு அப்போது ஏழு வயது. அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கண்டிக்கு வந்தார். துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "தங்கச்சிக்கு மொதல்ல பாப்போம்" என்றார். எனக்கு ஆன பிறகு, "இனி எனக்கு எதுக்கு?" என்று சிரித்தார்.

பின்பு கட்டுகஸ்தோட்டையில், மகாவலியைப் பார்த்த சரிவில் ஹாஜியார் ஒருவர் நடத்திய தளபாடப் பட்டறையில் பொலிஷ் வேலைக்குச் சேர்ந்தார். சாதாரணப் பலகையின் மேல் கடதாசி போல மெல்லியதாகச் சீவிய தேக்குத் தகட்டை ஒட்டி, முழுத் தேக்குப் போலவே கதவும் அலுமாரியும் செய்யும் பட்டறை அது. அந்தத் தகட்டைத்தான் வெனியர் என்பார்கள். அதை அழுத்தி ஒட்டுவதற்கு ஹாஜியார் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பையும் காற்று உறிஞ்சும் பம்பும் வரவழைத்தார். பசை பூசிய பலகையைப் பைக்குள் வைத்து, வாயைக் கிளிப்பால் அடைத்து, பம்பைப் போட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று போனதும் பை பலகையோடு ஒட்டிக்கொண்டு இறுகும். வேலையாட்கள் அதைப் பார்க்கவே அஞ்சினார்கள். எனக்கும் பிடிக்கவில்லை. உள்ளே ஒரு சிறு கல் கிடந்தாலும் அதன் உருவம் வெளியே புடைத்துத் தெரியும். யாரோ மூச்சை உள்ளே இழுத்து, விட மறந்தது போல இருக்கும்.

அக்கா மட்டும் அதை விரும்பினார். பை கிழியாதிருக்கப் பலகையின் மூலைகளை உரசி மழுக்குவார். காய்ந்த பசைக்கட்டிகளை விரலாலேயே உரித்தெடுப்பார், உளியை அருகே கொண்டுவர விடமாட்டார். மடித்தால் வெடிக்கும் என்று பையைச் சுருட்டியே வைப்பார். பம்புக்கு எண்ணெய் மாற்றும் நாளை அவர் மறந்ததில்லை. காற்று கசிகிறதா என்று பார்க்க எல்லோரும் சவர்க்கார நுரை பூசுவார்கள். அக்கா கன்னத்தைப் பையின் மேல் வைத்துக் கண்களை மூடிக்கொள்வார். ஊசித் துளையையும் அப்படியே கண்டுபிடிப்பார்.

நானும் அங்கே அவருக்குத் துணையாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்த வருடம் மழை விடவேயில்லை. ஒரு திங்கட்கிழமை பம்ப் தானாக ஓடத் தொடங்கியது. பை ஒருமுறை இறுகிவிட்டால் நெடுநேரம் பம்ப் பேசாது, காற்று உள்ளே போனால்தான் மறுபடி கிளம்பும். அன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பியது.

"என்ன மகள், பம்புக்கு வருத்தமா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"பையில ஓட்ட இல்ல மொதலாளி" என்றார் அக்கா. "பைப்பு மூட்டுலதான் கசியுது. ஆனா ஏன்னு தெரியல. பைப்பு கட்டையாயிருச்சு."

பம்ப் ஆற்றுப் பக்கத்துப் பின்சுவரில் ஒரு திட்டின் மேல் இருந்தது. அங்கிருந்து மேசை வரைக்கும் குழாயை அக்கா எப்போதும் தளர்வாகத்தான் விடுவார். இப்போது அது விறைத்து நின்றது. வேலையாட்கள் சிரித்தார்கள். அக்கா சுவருக்கும் மேசைக் காலுக்கும் நடுவே சரியாகப் பொருந்தும்படி ரீப்பை என்னும் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை அறுத்து மூலையில் சாத்தி வைத்தார்.

செவ்வாயும் அந்தச் சத்தம் ஓயவில்லை. புதன் காலை, அக்கா பசை கலக்கப் போயிருந்தபோது, நான் அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு நீளமான வேறொன்றை மாட்டினேன். அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. பம்ப் உடனே அடங்கியது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா பம்பின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"ஏன் சத்தத்தக் காணோம்?"

"சரியாயிருச்சு போலக்கா" என்றேன்.

அவர் குழாயைக் கையால் தடவிப் பார்த்தார். "இது வேற பைப்பு" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. மூலையிலிருந்த ரீப்பையை எடுத்துச் சுவருக்கும் மேசைக்கும் நடுவே வைத்தார். திங்களன்று சரியாகப் பொருந்தியதில் இப்போது மூன்று விரல் இடைவெளி இருந்தது, சுவர் விலகியிருந்தது. அவர் மண்டியிட்டுத் தரையிலிருந்த மரத்தூளைக் கையால் ஒதுக்கினார். தூள் அவர் கைக்கு எதிர்ப்பக்கமாக ஊர்ந்து, நேர்கோடாகத் தரைக்குள் இறங்கியது. சீமெந்தில் நீளமான வெடிப்பு. அக்கா கன்னத்தைத் தரையில் வைத்துக் கேட்டார்.

"காத்து இழுக்குது. உள்ளுக்கு இழுக்குது" என்றார். உடனே எழுந்தார். "நீ மேல ஓடு. டீச்சரையும் அவர் வீட்டுக்காரரையும் எறக்கு. நான் இங்க உள்ளவங்கள வெளிய அனுப்புறேன்."

பட்டறைக்கு மேலே, மண்மேட்டில் ஒரு சிங்கள டீச்சரின் வீடு இருந்தது. கணவர் வாதத்தில் படுக்கையாய்க் கிடந்தார். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் டீச்சர் கூப்பிடுவார்.

"என்ன நங்கி, இந்த மழையில?"

"வாங்க டீச்சர், மண்ணு நகருது!"

"இவர தூக்க ஏலாதே!"

என் பின்னால் வந்த வேலையாட்கள் இருவர் அவரை ஒரு பிளைவூட் பலகையில் கிடத்தித் தூக்கினார்கள். படிக்கட்டோரம் மூன்று நாளாகச் செந்நிறமாய் ஓடிய தண்ணீர், கொட்டும் மழையிலும் அப்போது நின்று போயிருந்தது. தவளைச் சத்தமும் இல்லை. நாங்கள் பெரிய ரோட்டில் கால் வைத்தபோது, சாக்கைக் கிழிப்பது போல நீளமாக ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். டீச்சரின் பலாமரம் சாயாமல், நிமிர்ந்து நின்றபடியே ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வெளியே வந்த அக்காவின் இடது காலில் கூரையின் வளை மரம் விழுந்தது. அந்தக் கால் பிறகு நேராகவே இல்லை.

நான்கு நாள் கழித்துச் சேற்றைத் தோண்டியவர்கள் அந்தப் பையைக் கண்டார்கள். குழாய் அறுந்து போயிருந்தது. வால்வு மூடியிருந்ததால் பை மட்டும் உள்ளே ஒட்ட வைத்திருந்த கதவோடு இறுகியே கிடந்தது. தொடுவதற்கு யாரும் முன்வரவில்லை. ஹாஜியார் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"மகள், அது இன்னும் இழுத்துப் புடிச்சிட்டே ஈக்கிது. என்ன செய்ய?"

"கிளிப்ப மெதுவா கழட்டச் சொல்லுங்க மொதலாளி. கத்தி வெக்க வேணாம்" என்றார் அக்கா. உள்ளே இருந்த கதவில் ஒரு கொப்புளம்கூட இல்லையாம்.

அன்று மாலையே டீச்சரும் வந்தார். மண் நகர்வதை யார் முதலில் கண்டது என்று கேட்டார். அக்கா யோசிக்கவேயில்லை. "தங்கச்சிதான் டீச்சர்" என்றார்.

டீச்சர் போன பிறகு, "ஏன்க்கா அப்புடி சொன்னீங்க?" என்றேன்.

"பைப்ப யாரு மாத்துனதுன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். கண்டுபுடிச்சவகிட்ட யாரும் அதக் கேக்க மாட்டாங்க."

அதன் பிறகு ஹாஜியார் வேறிடத்தில் தொடங்கிய பட்டறையில் அக்கா தாங்கித் தாங்கி நடந்து நெடுங்காலம் வேலை செய்தார். போகும் வீடுகளிலெல்லாம் பேச்சின் நடுவே சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கடைசி ஆறு மாதம் இருதய நோயுடன் என் வீட்டில் இருந்தார். இறுதி நாளன்று பிற்பகல், கட்டிலோரச் சுவரில் காதை வைத்திருந்து, "இங்க ஒன்னும் இல்ல. நீ போய் சாப்புடு" என்றார். நான் சாப்பிட்டு வருவதற்குள் போய்விட்டார்.

அவரைக் கவனித்த வைத்தியருக்கும் தாதியருக்கும், அடுப்பு மூட்ட விடாமல் மூன்று நாள் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், பாடையைச் சுமந்த ஹாஜியாரின் மகன்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

டீச்சருக்கு நன்றி மட்டும் போதாது. ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் அவர் எனக்குப் பலகாரம் கொண்டுவந்தார். அக்காவைக் கிடத்தியிருந்த இடத்திலும் என் கைகளைப் பிடித்து, "நீ இல்லாட்டி நாங்க இல்ல நங்கி" என்று அழுதார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. டீச்சர், இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். அந்தச் சத்தத்தை அடக்கியவள் நான். கேட்டவர் அக்கா.