பக்கத்துச் சந்துக்குப் போன ஆட்டோக்கள்

திருச்சியிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போனபோது பவானிபூரில் முதல் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. மெட்ரோ ஐந்து நிமிட நடை. தெற்குப் பார்த்த ஜன்னல் என்று வீட்டுக்காரர் இரண்டு மூன்று முறை சொன்னார். அந்த ஊரில் அது வாடகையையே உயர்த்தும் விஷயம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. சாயங்காலம் ஆனால் காற்று வரும். என் மனைவி அந்த ஜன்னலடியில் தரையில் படுத்துக்கொண்டு வாரப் பத்திரிகை படிப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் மத்திய அரசு அலுவலகத்துக்குப் போய்விட்டால் மாலை வரை அவள் தனியாகத்தான் இருப்பாள்.

இரண்டு வருடம் கழித்து, தொண்ணூறுகளின் பாதியில், எங்கள் தெருமுனையிலிருந்து கரியாஹாட் மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோ விட்டார்கள். அதற்கு மிகவும் சந்தோஷப்பட்டது அவள்தான். பஸ்ஸில் இடிபடாமல் போய்க் காய்கறியும், ஒரு தமிழர் கடையில் அரைத்த இட்லி மாவும் வாங்கிக்கொண்டு வரலாம். ஆட்டோக்கள் நிற்கிற வரிசை நீண்டு எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வந்து முடிந்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்ரோலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இன்ஜினை அணைக்க மாட்டார்கள். நீலமாக ஒரு புகை சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வரும். கொடியில் காய்ந்த என் பனியன்களை மறுபடி அலசினால் தண்ணீர் கறுத்தது. அவளுக்கு முதலில் இருமல். அடுத்த குளிர்காலத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறி வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பேசாமல் கையால் மட்டும் தண்ணீர் கேட்பாள்.

தெருவில் இருந்த டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். தெருப்பக்கத்து ஜன்னலை மூடியே வையுங்கள் என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். அதை அடுத்தவர் முன்னால் வாயில் வைப்பதற்கு அவளுக்குக் கூச்சம். குளியலறைக்குப் போய் இழுத்துவிட்டு வருவாள்.

குளிர்காலத்தில் ஜன்னலை மூடியாயிற்று. சித்திரை பிறந்ததும் அது நடக்கவில்லை. கல்கத்தா வெயில் திருச்சி வெயில் மாதிரி காய்ந்த வெயில் இல்லை. உடம்பில் வேர்வை காயவே காயாது. மூடிய அறையில் மின்விசிறி அதே சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி விட்டது. மத்தியானங்களில் லோட்ஷெட்டிங் என்று கரண்டும் போகும். ஒரு வெள்ளிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தபோது, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிவப்பு சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. வீடு முழுக்கப் புகை வாடை. எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் என்ன சொன்னார், நீ என்ன செய்கிறாய் என்று சத்தம் போட்டேன்.

"மூடினா வேக்காடு, தெறந்தா புகை. ரெண்டுலயும் எனக்கு மூச்சு முட்டத்தான் செய்யுது. நான் எதுல இருக்கணும்னு நீங்களே சொல்லிருங்க" என்றாள்.



அன்று சாயங்காலமே கீழே இறங்கிப் போனேன். ஆட்டோ வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு ஆள் இருந்தார். ஸ்டார்ட்டர் என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். நாள் முழுவதும் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து எந்த வண்டி அடுத்தது என்று கை காட்டுவார். என் அரைகுறை பெங்காலியில் மனைவிக்கு மூச்சுக் கோளாறு என்றேன். அவர் உடனே எழுந்து நின்று கேட்டார். அண்ணன் என்பதற்கு அங்கே தாதா என்பார்கள். சரி தாதா, சொல்கிறேன் என்றார். சொன்னார் போலிருக்கிறது. இரண்டு நாள் இன்ஜின்களை அணைத்து வைத்தார்கள். மூன்றாம் நாள் மழை. நனைந்த வண்டிகள் லேசில் கிளம்பவில்லை. வரிசை நகரவில்லை, பயணிகள் கத்தினார்கள். மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது.

நான் திரும்பப் போனேன். இந்த முறை அவர், அணைக்கச் சொன்னால் கேட்க மாட்டார்கள், ஆனால் வரிசையை முனை திருப்பிப் பக்கத்துச் சந்துக்குள் விட்டுவிடலாம் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தார்.

அதன்பிறகு மூன்று நான்கு மாதம் எங்களுக்கு நல்ல காலம். அவள் மத்தியானம் தூங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தேஷ் என்கிற பால் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போய் டிரைவர்களுக்குக் கொடுத்தேன். அலுவலகத்தில், தட்டிக் கேட்டால் எதுவும் நடக்கும் என்று பேசினேன்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்த வாரம் ஒருவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். பால் பூத்தில் அடிக்கடி பார்த்த முகம். பக்கத்துச் சந்தில் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், குழந்தைக்கு மூன்று மாதம், பத்து நாளாகச் சளியும் இழுப்பும் என்றார். என் மனைவிக்கும் அப்படி இருந்து சரியாகிவிட்டதாக மருந்துக்கடைக்காரர் சொன்னாராம். எந்த டாக்டர், என்ன மருந்து என்று கேட்க வந்திருந்தார். கையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும்.

நான் டாக்டர் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு அவராகவே, ஆட்டோ வரிசையை ஏனோ எங்கள் சந்துக்குள் மாற்றிவிட்டார்கள், வாசலில்தான் நிற்கிறது என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொன்னால் ஸ்டார்ட்டர் கேட்பார் என்றார்.

உள்ளே இருந்து என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனபிறகு வந்து என் முன்னால் நின்றாள்.

"போயி, பழையபடி இங்கயே நிறுத்தச் சொல்லுங்க."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"அது பச்சப் புள்ளைங்க" என்றாள்.

மறுநாள் அவரும் நானும் சேர்ந்தே போனோம். ஸ்டார்ட்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வரிசையை மாற்றச் சொன்னதே இந்த ஆள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குழந்தையின் தாத்தா நிதானமாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஸ்டார்ட்டர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க காலையிலேர்ந்து ராத்திரி வரை இந்தப் புகைக்குள்ளதான் நிக்கிறோம். சொல்லுங்க தாதா, எந்த வீட்டு வாசல்ல நிறுத்தட்டும்?"

அவர் கேட்டது என்னைத்தான். கடைசியில் அவரே ஒரு வழி செய்தார். பாதி வண்டி சந்தில், பாதி வண்டி எங்கள் ஜன்னலுக்குக் கீழே. அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் ஜன்னல்கள் மூடிக்கிடந்தன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் மகள், போவதாக இருந்த நாளுக்கு முன்பே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்று பால் பூத்தில் அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வேறு வீடு தேடினோம். காளிகாட்டில் ஒன்று பார்த்தோம். அங்கே கீழே ஒரு டீக்கடை, நிலக்கரி அடுப்பு. இன்னொன்று பஸ் ஸ்டாப்பை ஒட்டி. என் வசதிக்கு எட்டிய வீடுகள் எல்லாம் ஏதாவது ஒரு புகைக்கு மேலேதான் இருந்தன. மாற்றல் கேட்டு மூன்று முறை எழுதிக்கொடுத்தேன். மூன்றாவதோடு டாக்டர் சர்ட்டிஃபிகேட்டும் வைத்தேன். பரிசீலனையில் இருப்பதாக மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்துத்தான் திருச்சிக்கு ஆர்டர் கிடைத்தது. அதற்குள் அவளுக்கு நாளைக்கு இரண்டு வேளை இன்ஹேலர் என்று ஆகியிருந்தது. எல்லோர் முன்னாலும் இழுக்கப் பழகியிருந்தாள். அந்தக் கூச்சம் போனதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

திருச்சியில் முதல் மாதமே ஒரு நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனேன். இளம் வயது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கெட்டுப்போனது கெட்டுப்போனதுதான், இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா, எத்தனை வருடமாக என்று கேட்டார். பழக்கமே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"அவங்க பிடிக்கிறதில்ல டாக்டர்" என்றாள் அவள். மேலே ஏதோ சொல்ல வந்தாள். இருமல் வந்துவிட்டது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.