முழங்கால் தண்ணீரில் ஒரு மணை

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வீட்டில் அழுத ஒரே ஆள் நான்தான். மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய்; சொல்தா என்பார்கள். மூன்று மாத லீவில் வந்திருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு அத்தையைக் கப்பலேற்றிக்கொண்டு போய்விடுவார் என்று பேச்சு. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்; எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குப் பஞ்சாலை வேலை, அம்மாவுக்குக் கைக்குழந்தை. எனக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, பொய் சொன்னால் காதைத் திருகியது எல்லாம் அப்பாவின் தங்கையான இந்த அத்தைதான். அவள் போய்விட்டால் எனக்குப் பின்னல் யார் போடுவார்கள் என்பதுதான் அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கவலை.

ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. அத்தைக்குக் கடல் என்றால் பயம். அந்த நாளில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில், ஆழத்தில் நிற்கும். ஆட்களைச் சலங்கு என்கிற பெரிய படகில் ஏற்றி, உடைகிற அலைகளைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவார்கள். கடலை ஒட்டிய உப்பளம் பேட்டையில் பிறந்து வளர்ந்தும் கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாதவள் அத்தை. "கப்பல்ல போறது கெடக்கட்டும், மொதல்ல அந்தப் படகுல ஏறவே மாட்டேன்" என்று அவள் என் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். அம்மா சிரித்தாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குக் கடலைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். உடைந்த பெட்டிப் பலகையை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு அலையில் சறுக்கி வருவதில் எங்கள் தெருப் பிள்ளைகளில் நான்தான் கெட்டிக்காரி. அலைக்கும் கால் உண்டு என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆழத்தில் அந்தக் கால் தரையில் படாது. அலை ஒரு மேடாக வந்து ஆளைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். தண்ணீர் குறையக் குறையக் கால் தட்டும், அலை எழும்பும், கடைசியில் தடுக்கித் தலைகுப்புற விழும். தரை மெதுவாக ஏறினால் அலையும் மெதுவாக விழும்; பலகை பழகுகிறவர்களுக்கு அதுதான் இடம். புயலில் இடிந்த பழைய கடல்பாலத்துக்குத் தெற்கே அப்படி ஓர் இடம் இருந்தது. வடக்கே தரை திடுதிப்பென்று ஏறும். அங்கே முழங்கால் தண்ணீரில் நின்றால் அலை மொத்தமும் தலையில்தான் இறங்கும்.

அத்தையை வடக்கே நிறுத்துவது என்று முடிவு செய்தேன். ஒரே அடி போதும், ஜென்மத்துக்கும் படகு ஏற மாட்டாள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, "படகுல போகத்தான போற, ஒருவாட்டி தண்ணில எறங்கிப் பாத்துடு அத்தே" என்றேன். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் உடனே சரி என்றுவிட்டாள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் என்னை எழுப்பியதே அவள்தான். என் பலகை அவளுக்குச் சின்னது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூடத்தில் சாத்தி வைத்திருந்த கல்யாண மணையைத் தூக்கிக்கொண்டாள். மணமக்கள் சேர்ந்து உட்காரத் தச்சர் அப்போதுதான் செய்து கொடுத்திருந்த பலாப்பலகை.

"அம்மா கொன்னுடும் அத்தே."

"நான் உக்காரப்போற மணைதானடி. சத்தம் போடாம வா."

கரையில் நண்டுகளைத் தவிர யாருமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணையை மாரோடு அணைத்தபடி, நான் காட்டிய இடத்தில் அத்தை நின்றாள். அலை வந்தது. அத்தை, மணை, புடவை எல்லாம் ஒரே சுருட்டாகப் போய்க் கரையில் விழுந்தன. தலை நிறைய மணல், முழங்கையில் ரத்தம். நினைத்தது நடந்துவிட்டது; ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது.

அத்தை மூக்குத்தி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு கடலுக்குள் தூரமாகக் கையை நீட்டினாள்.

"அங்க இன்னாடி, அலையே ஒடையல?"

"அங்க ஆழம் அத்தே."

"ஆழத்துல அடிக்காதா?"

காதைத் திருகுகிறவள் எதிரில் நிற்கும்போது எனக்குப் பொய் வரவில்லை. "அடிக்காது. தூக்கி எறக்கும், அவ்ளோதான்" என்றேன். ரத்தத்தைப் பார்த்த குற்ற உணர்ச்சியில் தெற்குப் பக்கத்து இடத்தையும் நானே காட்டினேன். மார்பளவு தண்ணீர் வரை போய், அலை தன்னைத் தூக்கி இறக்குவதைப் பார்த்தாள். பிறகு இடுப்பளவுக்குத் திரும்பி வந்து மணையின் மேல் படுத்தாள். அலை அவளை அலுங்காமல் மணலில் கொண்டுவந்து சேர்த்தது. அங்கேயே உட்கார்ந்து, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். என் திட்டம் பாழானதில் நான் அவளோடு பேசாமலே வீட்டுக்கு நடந்தேன்.

காய்ந்த மணையில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பலாமரம் இன்னும் பால் வடிக்கிறது என்று தச்சரைத் திட்டிவிட்டு, அம்மா அதன்மேல் பெரிதாகக் கோலம் போட்டு மறைத்தாள். கல்யாணம் நடந்தது.

படகு ஏறின அன்று மற்றப் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அலறினார்கள். அத்தை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டு போனாள். அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் படகு சாதுவாக ஏறி இறங்கியது. முழங்கால் தண்ணீரில் நின்று கையாட்டிக்கொண்டிருந்த என்னை அலை உருட்டியது. அப்பா தூக்கி நிறுத்தினார்.

பல வருஷம் கழித்து அத்தை ஒருமுறை ஊருக்கு வந்தாள். நான் இரண்டு பிள்ளை பெற்றவள் என்றும் பாராமல் என்னை உட்காரவைத்துப் பின்னல் போட்டாள்.

"நீ வேணும்னேதான் என்ன அங்க நிக்க வச்சேன்னு அப்பவே தெரியும்டி."

"தெரிஞ்சும் ஏன் நின்னே?"

"நல்லா ஒரு அடி பட்டா, பயமா இருக்கு, போகமாட்டேன்னு அண்ணங்கிட்ட சொல்லிடலாம்னு பாத்தேன். பாழாப்போன பயம் போயிடுச்சு."

சொல்லிவிட்டு, அன்றைக்கு மணலில் உட்கார்ந்து சிரித்த மாதிரியே சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சந்தோஷம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஆழத்துல அடிக்காதா என்று அவள் கேட்டது, அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். அது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.