நண்டுக்காகத் தள்ளிப்போன தீவு

கரையான்சாவடியில் இடப்பக்கமிருந்து வந்த ஆட்டோ தன் கண்ணில் படவே இல்லை என்று சொன்ன அன்றே, என் மனைவி ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டாள். பிறகு அதை எடுக்கவில்லை. கண் நீர் அழுத்தம் என்றார் மருத்துவர். ஓரப் பார்வைதான் முதலில் போகுமாம். சொட்டு மருந்து மேலும் போகாமல் தடுக்கப் பார்க்கும், போனது திரும்பாது. எவ்வளவு காலம் என்று கேட்டேன். அடுத்த பரிசோதனைக்கு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். அவள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல் தீவைப் பல வருடங்களாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறாள். பார்த்ததில்லை. ஆவடியிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்விடக்கூடிய தூரம்தான்.

"வடக்கப் பாத்து நிக்கணும். தலையத் திருப்பாம இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல், ரெண்டும் ஒண்ணா தெரியணும்," என்றாள். கண் விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது என்றும் சொன்னாள்.

பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட இடம் அது. நினைத்தபோது போய் இறங்க முடியாது. அனுமதி யாரிடம் கேட்பது என்று பருத்திப்பட்டில் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்தேன். அனுமதி பற்றி ஒருவரும் சொல்லவில்லை. "நாங்களும் வரோம்" என்று ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு வேன் நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கீழே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். கூட்டியவர் முதல் மாடிக்காரர். பருத்திப்பட்டிலேயே பல தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம்; இப்போது வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். ஆவணி முடியும் தறுவாயில் இருந்தது.

"அடுத்த வாரம் போயிடலாமே," என்றேன்.

"இன்னா சார், அடுத்த வாரம் பொரட்டாசி பொறந்துடும். பயவேற்காடு வரைக்கும் போய்ட்டு நண்டு துன்னாம வந்தா ஏரியே கோச்சுக்கும்," என்றார் வேன்காரர்.

"எங்க வீட்லயும் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது," என்றார் மென்பொருள் வேலை பார்க்கும் மதுரைக்காரர். "ஐப்பசில வச்சுக்கிருவோம்ணே."

"ஐப்பசில தீவாளி. அப்பால மழ. ஏரில தண்ணி ஏறிச்சின்னா படகு ஏது?"

"அப்ப கார்த்திகை?"

"நான் மால போட்டுக்கினு இருப்பேன் நைனா. என்ன பக்கத்துல ஒக்கார வச்சுக்கினு நீ நண்டு துன்னுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சபரிமலைக்குப் போய் வந்துதான் அவர் மாலையைக் கழற்றுவார். ஆகவே தை என்று முடிவாயிற்று. பூநாரைகளும் அப்போது நிறைய இருக்கும் என்று ஒருவர் சொன்னார். சொன்னவை எல்லாமே நியாயம். நான் அவர்களுடைய வாய்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். கைப்பேசி வரைபடத்தில் அந்தத் தீவைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், மூடினேன், திறந்தேன். பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் அவள் என்னைத் தன் இடப்பக்கம் நடக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் வருகிறவர்கள்மேல் இடித்துக்கொள்கிறாளாம்.

புரட்டாசி தொடக்கத்தில் பரிசோதனை. கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில சமயம் அது வெகுநேரம் அசையவில்லை. அப்போதெல்லாம் உள்ளே புள்ளிகள் எரிந்து அணைந்துகொண்டிருந்திருக்கும். இடக்கண்ணில் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார் மருத்துவர்.

அந்த வாரமே வனத்துறையில் ஒருவர் போனை எடுத்தார். வார நாளில், கூட்டம் சேர்க்காமல், சத்தமில்லாமல் வந்தால், காவலர் துணையோடு கொஞ்ச தூரம் நடக்க விடுவோம் என்றார். நாங்கள் மட்டும் போகிறோம் என்று குழுவில் எழுதினேன். வேன்காரர் படியேறி வந்துவிட்டார்.

"நீங்களே ஆரம்பிச்சிட்டு நீங்களே கயண்டுக்கினா எப்டி சார்? தை இன்னா தூரத்துலயா கீது? அந்தத் தீவு எங்க ஓடிடப் போவுது?"

சமையலறையிலிருந்து அவள் வந்தாள்.

"தீவு ஓடாது. எனக்கு ஓரக்கண்ணு போய்க்கிட்டு இருக்கு. உங்க நண்டுக்காகத் தை வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர்... இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நண்டு கெடக்குது வுடுங்க. எல்லாரும் வரோம். புளிசோறு கட்டிக்கினு போயிடலாம்."

"வேணாம். கூட்டமா போனா விட மாட்டாங்க. விட்டாலும் நீங்க யாரும் தீவப் பாக்க மாட்டீங்க. என்னைத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க."

அவர் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். "செரி. புதன்கெயம வண்டி சும்மாதான் கீது. நான் ஓட்டிக்கினு வரேன். எறங்க மாட்டேன், வண்டிலயே குந்திக்கினு இருப்பேன். போதுமா?"

அவள் தலையாட்டினாள்.

செவ்வாய் மாலை தொப்பி, தண்ணீர், சொட்டு மருந்து எல்லாம் ஒரு பையில் போயின. நான் வாசலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"கொஞ்சம் உக்காருங்க. அங்க போய் நின்னதும் 'தெரியுதா, தெரியுதா'ன்னு கேக்கக் கூடாது," என்றாள்.

"கேக்கல."

"ரெண்டு பக்கமும் தெரிஞ்சா நானே சொல்வேன்."

"தெரியலேன்னா?"

"பாத்தீங்களா, இப்பவே கேக்கறீங்க."