காற்றுக்கு வைத்த புள்ளி

அந்த வட்டுக்குப் பேட்டரி கிடையாது, திரை கிடையாது. ஆனாலும் நாங்கள் அதைக் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்வோம். சிறிய விமானம் ஓட்டப் பழகிய நாட்களில், எந்தத் திசையில் போவது, எவ்வளவு நேரமாகும் என்பதையெல்லாம் அதைக் கையால் சுழற்றித்தான் கணக்கிட்டோம். நடுவிலுள்ள கண்ணாடித் தகட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதுதான் காற்று. இன்றைய பிள்ளைகள் கைப்பேசியைத் தட்டினால் எல்லாம் வந்துவிடுகிறது. நன்றாக இருக்கட்டும். எனக்கு அந்த வட்டை நினைத்தால் அதைப் பங்கிட்டுக்கொண்ட சிநேகிதியின் நினைவுதான் வரும்.

நாட்டின் தலைநகரில், லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் அவள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிரே. விமானதளம் சைக்கிள் மிதிக்கும் தூரம். வட்டு இருவருக்கும் ஒன்றுதான், முறை மட்டும் வேறு. நான் புள்ளியை மையத்துக்கு மேலே வைப்பேன், அவள் கீழே வைப்பாள். அவரவர் புள்ளியை அவரவர் படிக்கும்வரை இரண்டும் சரிதான். அதனால் மற்றவளின் புள்ளியை அழித்துவிட்டே கணக்கைத் தொடங்குவோம். "உன் காத்த அழிச்சிட்டேன்டீ" என்று சிரிப்பாள்.

வடக்கே இருக்கும் கர்னாலுக்கு நான் முதன்முதலாகத் தனியே பறக்கவேண்டிய காலையில், வழக்கம்போலத் தாமதமாகப் போனேன். மறுநாள் அவளுக்கும் அதே பயணம் என்பதால், அன்றைய காற்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். "அழிச்சிட்டுப் போடுடீ, ஜல்தி, நேரமாச்சு" என்றபடி வட்டைக் கொடுத்தாள். காதில் விழுந்தது. நான் அழிக்கவில்லை; அவள் புள்ளியை என் முறையில் படித்ததில் விடை தலைகீழானது. மேற்குக் காற்றுக்கு இடப்பக்கம் திருப்பவேண்டிய விமானத்தை வலப்பக்கம் திருப்பினேன். வலப்பக்கம் கூடவே வரவேண்டிய யமுனை, கொஞ்ச நேரத்தில் எனக்கு இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எப்படியோ ரயில் பாதையைக் கண்டுபிடித்து, அதைப் பார்த்தபடியே போய் இறங்கினேன்.

திரும்பியதும் பயிற்றுநர் வட்டை வாங்கிப் பார்த்து, புள்ளி யார் வைத்தது என்று கேட்டார். அவள் என்றேன். அழிக்கச் சொன்னாள் என்பதைச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அவளும் வாய் திறக்கவில்லை. அவளுடைய பயணத்தை அவர் தள்ளிவைத்தார். மறுபடி நாள் குறிப்பதற்குள் அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்து, குடும்பமே மதுரைக்குப் போய்விட்டது. ஊர்விட்டு ஊர் தனியாக அவள் பறக்கவே இல்லை. எதிர்வீட்டிலேயே இருந்தும் நான் வழியனுப்பப் போகவில்லை.

பிறகு விமானம் ஓட்டியே பிழைத்தேன். மதுரையில் எத்தனையோ முறை இறங்கியும் அவளைத் தேடத் துணிவு வரவில்லை. போன மாதம் ஓர் உறவினர் மூலம் எண் கிடைத்தது. அழைத்து, மன்னிப்பு என்று தொடங்குவதற்குள் குறுக்கிட்டாள்.

"அச்சா, அத விடுடீ. ஆத்துக்கு அந்தப் பக்கம் தனியா மாட்டிக்கிட்டியே, ரொம்பப் பயந்துட்டியா?"

"ஆமாடீ" என்றேன்.

"அன்னிக்கு சாயந்திரமே கேக்கலாம்னு உங்க வீட்டுக்கு வந்தேன். நீ தூங்குறேன்னு உங்கம்மா சொன்னாங்க."

நான் தூங்கவில்லை. அப்படிச் சொல்லி அனுப்பச் சொன்னதே நான்தான்.