சிவப்பெழுத்து வண்டி

ஏட்டுக்கு அந்தக் காவல் நிலையத்தில் ‘ஒத்தக்காது’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் ஏட்டையா. இடது காது போன கதை தெருவுக்கே தெரியும். லாரி ஷெட்டுக்குள் கொள்ளைக்காரர்கள் புகுந்து காவலாளியின் மண்டையைப் பிளந்துபோட்ட அந்த மத்தியானம், கூட வந்த போலீஸ்காரர்கள் கேட்டுக்கு வெளியே தயங்கி நிற்க, இவர் மட்டும் உள்ளே பாய்ந்தார். ஒருவன் வீல் ஸ்பேனரை ஓங்கிக் காதோடு சேர்த்து அறைந்தான். ரத்தம் காலர்வரை வழிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவன் கையை முறுக்கிய பிடியை ஏட்டு விடவில்லை. அவன் மணிக்கட்டு ஒடிந்த சத்தம்தான் அந்தக் காது கேட்ட கடைசிச் சத்தம்.

காதுக் கட்டு அவிழ்த்த அன்று லாரி முதலாளி நிலையத்துக்கே வந்துவிட்டார். பின்னாலேயே மாலை போட்ட புத்தம் புது மோட்டார் சைக்கிள் வந்தது.

“என் சொத்தை மட்டுமில்ல, என் மானத்தையே காப்பாத்தியிருக்கீங்க ஏட்டையா. வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

“உனக்காய்யா குடுக்கறார்? ஸ்டேஷனுக்குக் குடுக்கறார். ஓட்டப்போறது நீ, அவ்வளவுதான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

டேங்க்கின் இரண்டு பக்கமும் லாரி கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில், சிவப்பாக இருந்தது. கீழே சின்னதாக ‘அன்பளிப்பு’. ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் லாரி ஷெட்டிலேயே, சும்மா. அங்கே இருந்த மெக்கானிக் அந்த வண்டியைக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் துடைத்துக் கொடுப்பான்.

வீட்டில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி வண்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“சம்பளத்துக்குச் செஞ்ச வேலைக்குப் பரிசு எதுக்குங்க?”

“ஒரு காதே போச்சேடி!”

“காதுக்கு மோட்டார் சைக்கிளா? அப்ப இன்னொரு காதுக்கு என்ன கேக்கறதா உத்தேசம், லாரியா?”

ஏட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவருக்கு அந்த வண்டி உயிர். தன் வீரத்துக்கு ஊர் போட்ட முத்திரை என்று நினைத்தார். டீக்கடையில் யாராவது, “முதலாளி வண்டி வருது, வழி விடுங்கப்பா” என்றால் அவரும் சேர்ந்து சிரித்தார். முன்பெல்லாம் சைக்கிளில் போகும்போது, புருஷன் அடித்தான், பக்கத்து வீட்டான் மிரட்டினான் என்று பெண்கள் வழிமறித்து அழுவார்கள். இப்போது டேங்க்கைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒருநாள் தாடை வீங்கிய லாரி டிரைவர் ஒருவன் நிலையத்துப் படிவரை ஏறி வந்தான். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான். “ஒண்ணுமில்லைங்க, சும்மா வந்தேன்” என்று இறங்கிப் போய்விட்டான். ஏட்டு அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐயோ, அன்றைக்கே எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா!

அந்த வாரம் கம்பெனி லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் பஸ் நிறுத்தத்துக்குள் புகுந்து, நின்றவர்களை நசுக்கிப்போட்டது. “இதை ரோட்டுல விடாதீங்க” என்று முதலிலேயே தலையாலடித்துக்கொண்டவன் அந்த மெக்கானிக். “இதைப் போலீஸ்ல சொல்லத்தான் போறேன்” என்று அவன் சொன்னதுதான் தாமதம், முதலாளியின் தம்பி அவன் வலது கையைப் பட்டறை மேசையில் அமுக்கிப் பிடித்து ஜாக்கிக் கம்பியால் அடித்தான். விரல்கள் கூழாகும்வரை அடித்தான். மெக்கானிக் எப்படியோ உதறிக்கொண்டு ஓடி, அக்கா வீட்டு மாடியில் ஒளிந்தான்.

அந்த அக்கா, ஏட்டின் மனைவியிடம் தையல் கற்றவள். ஏட்டுக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, நீங்க மட்டும் வாங்க. உங்களை நம்பித்தான் கூப்பிடறேன். அவனைத் தேடிக்கிட்டு அலையறானுங்க.”

“கதவைச் சாத்திக்கம்மா. இதோ வந்துட்டேன்!”

ஏட்டு வண்டியை உதைத்தார். பறந்தார். சந்துக்குள் திரும்பும்போது அவர் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: பையனைக் காப்பாற்றிவிட வேண்டும்.

மாடியில், ரத்தம் சொட்டும் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு கிடந்த மெக்கானிக்கின் காதில் அந்த இன்ஜின் சத்தம் விழுந்தது. அவன் ஆயில் மாற்றிய வண்டி, அவன் டியூன் செய்த சத்தம். ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் அவனுக்குத் தெரியும்.

“அக்கா, யாரைக் கூப்பிட்டே? அது அவங்க வண்டிக்கா!”

அவள் பதில் சொல்வதற்குள் பின்பக்க ஜன்னல் வழியே குதித்துவிட்டான்.

ஏட்டு அலறல் சத்தத்தைக் கேட்டார். ஆனால் ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாதே! முன் தெருவுக்கு ஓடினார். யாரும் இல்லை. திரும்பி வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். பின் சந்தில், தண்ணீர்க் குழாய் ஓரம், மெக்கானிக் குப்புற விழுந்து கிடந்தான். இரண்டு ஆட்கள் அவனை மிதித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் தம்பி கம்பியை அவன் முகத்திலேயே இறக்கிக்கொண்டிருந்தான்.

ஏட்டைப் பார்த்ததும் அவன் பயப்படவில்லை. சிரித்தான்.

“வாங்க ஏட்டையா! நம்ம வண்டிச் சத்தம் கேட்டுத்தான் இவன் இங்க இருக்கான்னே எங்களுக்குத் தெரிஞ்சுது. நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. முடிச்சிட்டு வந்துடறோம்.”

நம்ம வண்டி! அன்று வீல் ஸ்பேனர் அறைந்தபோது வலிக்காத இடத்தில், இந்த ஒரு சொல் அறைந்தது. ஏட்டு ஒரு மிருகம்போலக் கத்திக்கொண்டு பாய்ந்தார். லத்தி முதல் ஆளின் முழங்காலை உடைத்தது. கம்பி இவர் இடது தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்த சத்தம் இவருக்கே கேட்டது. விடவில்லை. தன் நெற்றியால் முதலாளி தம்பியின் மூக்கில் மோதினார். மீண்டும் மோதினார். மூக்குடைந்து, இருவர் ரத்தமும் ஒன்றாக வழிய, அவன் சுவரில் சரிந்தான். ஒற்றைக் கையாலேயே அவனைக் குழாயோடு சேர்த்து விலங்கிட்டார். மற்ற ஆள் நொண்டியவனை இழுத்துக்கொண்டு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் மெக்கானிக்கின் உயிர் பிழைத்தது. ஒரு கண் பிழைக்கவில்லை. இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள்.

“அவன் வாயால சொல்லணும்யா” என்றார் இன்ஸ்பெக்டர். “விழுந்து அடிபட்டான், ஏட்டு வீணா என் தம்பி மேல பாய்ஞ்சுட்டார்னு முதலாளி வக்கீலோட உக்காந்திருக்கார். இவன் வாக்குமூலம் குடுக்கலைன்னா இன்னிக்கு சாயந்திரமே தம்பி வெளியே வந்துடுவான்.”

ஏட்டு தோள் கட்டோடு கட்டிலருகே போனார். “தம்பி, நான் ஏட்டு வந்திருக்கேன்” என்றார். மெக்கானிக் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்த அக்கா, சேலைத் தலைப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “நினைவு வந்ததும் அவன் கேட்டது ஒண்ணுதாண்ணே. ‘அந்த வண்டி வாசல்ல நிக்குதா’ன்னு. நான்தானே உங்களைக் கூப்பிட்டேன்? என் தம்பி கண்ணை நானே பிடுங்கிட்டேனே!”

“நீ இல்லம்மா” என்றார் ஏட்டு.

நடைகூடத்தில் முதலாளி அவர் கையைப் பிடித்தார். “ஏதோ கோவத்துல கை நீட்டிட்டான். ஏட்டையா, உங்களுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?”

ஏட்டு கையை உருவிக்கொண்டார். அந்தச் சந்துக்கு நடந்தே போனார். மண்ணில் ரத்தம் கறுத்திருந்தது. வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்றது. வலது கையால் ஹேண்டிலைப் பிடித்து, இடுப்பால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தோளில் கத்தி இறங்கியது.

“ஸ்டார்ட் ஆகலையா ஏட்டையா?” என்றார் டீக்கடைக்காரர்.

“ஆகும். நான் ஓட்டறதா இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் வந்து பின்னால் தள்ளினார். தாடை வீங்கிப் போயிருந்த அந்த டிரைவரும் வந்து கைகொடுத்தான். லாரி ஷெட்டின் கேட்டை மறித்தாற்போல வண்டியைச் சாய்த்துப் போட்டார் ஏட்டு. சிவப்பெழுத்து மண்ணில் பதிந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. “அது ஸ்டேஷன் சொத்துய்யா! வேலை போயிடும்!” என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

“ரிப்போர்ட் எழுதுங்க ஐயா. நானே கையெழுத்துப் போடறேன்.”

அங்கிருந்து ஆஸ்பத்திரிவரை நடந்தார். படியேறும்போது வியர்வையில் கட்டு நனைந்து, மூச்சு இரைத்தது. அந்த இரைப்பைக் கேட்டு மெக்கானிக் தலையைத் திருப்பினான்.

“யாரு?”

“ஏட்டு.”

கட்டிலில் கிடந்தவன் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். தெருவில் பஸ் போனது, ஆட்டோ போனது. அவன் தேடிய சத்தம் எங்கும் இல்லை.

“எதுல வந்தீங்க?”

“நடந்து வந்தேன்ப்பா.”

கட்டுக்குள்ளிருந்து ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது.

“அப்ப எழுதிக்கங்க அண்ணே” என்றான் மெக்கானிக்.