நூல் கட்டாத பாட்டில்

எங்கள் மலையில் செல்போன் டவர் நட்ட வருஷம்... அந்த வருஷம் புளி காய்க்கவே இல்லை, என் சோடாக் கடைக்கு ஃபிரிட்ஜ் வந்ததும் அப்போதுதான். அந்த வருஷம் எனக்குப் பழக்கமான ஜாஃபர் பாய் இன்று காலை இறந்துவிட்டார்.

கீழே போளூரில் மெடிக்கல் கடை வைத்திருந்தாரே, அவர்தான்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. இன்று எதுவுமே சரியாகப் புரியவில்லை, முன்பின்னாகத்தான் சொல்வேன்.

காலை பஸ்ஸில் அவர் கையாலேயே இன்சுலின் பெட்டியை ஏற்றி அனுப்பியிருக்கிறார். பெட்டி மலையேறி வந்துவிட்டது. அனுப்பியவர் இல்லை... இது எப்படி?

டவர் நட்ட அந்த வருஷம் எங்கள் ஊரில் நாலு பேர் சர்க்கரைக்கு தினமும் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஃபிரிட்ஜ் என் கடையில் மட்டும்தான். அதைக் கேள்விப்பட்டு பாய் பஸ் ஏறி வந்து, என் சோடா பாட்டிலையெல்லாம் ஒதுக்கிவிட்டு நடுத்தட்டைக் காட்டினார்.

"இது மருந்துக்கு. கதவுல வெக்காத, மேல ஐஸ் ரூம்ல வெக்கவே வெக்காத. இன்னா, புரிதா?"

"எனக்குப் பேர் படிக்க வராது பாய்" என்றேன்.

"நூல் கட்டு. ஆளுக்கொரு கலர். நான் பஸ்ல அனுப்புற பெட்டிய நீ தொட்டுப் பாத்து, சில்லுன்னு சரியா இருந்தாத்தான் கட்டணும். நூல் இல்லாத பாட்டில யாரும் குத்திக்கக் கூடாது."

சிவப்பு நூல் என் தங்கச்சி குப்பம்மாவுக்கு.

ஒரு கோடையில் ரெண்டு நாள் கரண்ட் போய் வந்தது. நல்லது செய்வதாக நினைத்து எல்லா பாட்டிலையும் ஐஸ் ரூமில் வைத்துவிட்டு, "கல்லு மாதிரி ஆக்கிட்டேன் பாய்" என்று போனில் பெருமையாகச் சொன்னேன்.

 "யோவ், உன்னத் தூக்கி ஐஸ் பொட்டில வெச்சா மறுபடி எழுந்து டீ குடிப்பியா?" என்றார்.

அடுத்த பஸ்ஸிலேயே புது மருந்தோடு வந்தார். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "உறைஞ்சி உருகினா பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ள செத்துருக்கும். சந்தேகம்னா நூல் கட்டாத. நானே கேட்டாலும் கட்டாத."

இத்தனை வருஷமும் மருந்து உறையக் கூடாதென்று ஐஸ் பேக்குக்கும் பாட்டிலுக்கும் நடுவில் பேப்பரை மடித்து மடித்து வைப்பார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

இன்று திறந்தால்... பேப்பர் இல்லை. பாட்டில் ஐஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

போன் போட்டேன். எடுத்த உடனே, "இன்னா பாய், பேப்பர் எங்க?" என்று கேட்டுவிட்டேன். பேசியது அவர் மகன்.

"அப்பா போய்ட்டார்ங்க... பெட்டிய பஸ்ல வெச்சிட்டு வந்து சேர்ல உக்காந்தவர்தான்."

அழுகிற பிள்ளையிடம் மருந்தைப் பற்றி என்ன கேட்பது? வைத்துவிட்டேன்.

பெட்டி கட்டும்போதே உடம்புக்கு முடியாமல் இருந்திருக்குமோ... யாரிடமும் சொல்லவில்லையோ...

தங்கச்சி கடை வாசலிலேயே நிற்கிறாள். "பாய் கட்டினதுண்ணா. கெட்டா போய்டும்? நூல கட்டிக் குடு."

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருக்கிறது. அவர் கடைசியாகக் கட்டியதை, அவர் பேச்சைக் கேட்டே ஒதுக்கி வைப்பதா? எனக்குத் தெரியவில்லை. சிவப்பு நூல் கையிலேயே இருக்கிறது.

கட்டவில்லை.

பழைய பாட்டிலில் இன்னும் மூன்று நாளைக்கு இருக்கிறது. ஒரு மணி பஸ்ஸில் ரெண்டு பேரும் கீழே போகிறோம். முதலில் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கேட்க வேண்டும். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்.

பெட்டி வந்ததும் நான் போன் செய்தால் பாய் ரெண்டே கேள்விதான் கேட்பார். "ஐஸ் கெட்டியா கீதா? நாலு பேரும் நல்லா கீறாங்களா?" ஒவ்வொருவராகச் செத்துப்போன பிறகும் நாலு பேரும் என்றுதான் கேட்டார். நானும் இருக்கிறவர்கள் பேரை வரிசையாகச் சொல்வேன்.

இன்று சொல்லவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பொட்டி வந்துச்சி பாய். ஐஸ் கெட்டியாத்தான் கீது. நூல் கட்டல. போய்ட்டு வாங்க.

நாலு பேர்ல... குப்பம்மா.